இராமநாதபுரம் கரையோர வீட்டுச் சாமான்களுக்கு எந்தக் காப்பீடு பொருந்தும்?

வீட்டுக் கடன் கொடுத்த வங்கி கேட்டதற்காகக் கட்டிடத்தின் பேரில் ஒரு பாலிசி எடுத்து, அதன் தாளைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர்கள் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரையெங்கும் இருக்கிறார்கள். அந்தப் பீரோவுக்கும், அதற்குள் இருக்கும் பட்டுப்புடவைக்கும் நகைக்கும், அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அதே பாலிசியில் இடம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு தொகைக்கு, எந்தெந்த ஆபத்துக்கு என்று படித்துப் பார்த்தவர்கள் அரிது. வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு இன்று கிடைக்கும் காப்பு வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எந்த வீட்டுக்கு எது தகும் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பகுதியில் பொருள் இழப்பு பெரும்பாலும் காற்றாலும் நீராலும் வருகிறது. 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் தனுஷ்கோடியை அழித்த புயலைச் சொல்லாமல் இங்கே ஆபத்தைப் பற்றிப் பேச முடியாது என்றாலும், காப்பீட்டுக் கணக்குக்கு அண்மைக் காலத்து மழைகளே கூடுதலாக உதவும். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, இராமநாதபுரம் கரைக்கு அருகே நகராமல் நின்று வலுவிழந்தது. 2024 நவம்பர் 20 அன்று பெயரிடப்பட்ட புயல் எதுவும் இல்லாமலே இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இத்தகைய நாள்களில் கான்கிரீட் வீட்டின் சுவர் நிற்கும்; தரைமட்டத்தில் இருக்கும் வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி, கட்டில், மெத்தை, பீரோவின் அடித்தட்டுத் துணிகள் ஆகியவைதான் போகும். ஆகவே கட்டிடத்துக்கு மட்டும் காப்பு வைத்துக்கொண்டு சாமான்களை விட்டுவிடுவது இந்தக் கரைக்குச் சற்றும் பொருந்தாத ஏற்பாடு.

காப்பீடே வேண்டாம், அரசு நிவாரணம் வரும் என்று இருப்பதும் ஒரு வழிதான். ஆனால் பேரிடர் நிவாரண நிதியின் 2022 முதல் 2026 வரையிலான விதிமுறையில் துணிமணிக்கு ஒரு குடும்பத்துக்கு 2,500 ரூபாயும், பாத்திரம் உள்ளிட்ட வீட்டுப் பொருளுக்கு 2,500 ரூபாயுமே வைக்கப்பட்டுள்ளன. அது அன்றாடம் நடக்க உதவும் தொகை. ஒரு மிக்ஸியும் இரண்டு பாயும் வாங்குவதோடு தீர்ந்துவிடும். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி, பாரத் கிருஹ ரக்ஷா என்ற பெயரில் 2021 ஏப்ரல் 1 முதல் தீக்காப்பீடு வழங்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் கட்டாயமாக விற்க வேண்டியிருக்கும் பொதுவான பாலிசி. அரசு நிறுவனமானாலும் தனியார் நிறுவனமானாலும் இதன் அடிப்படை வாசகம் ஒன்றே என்பதால், நிறுவனங்களை ஒப்பிடும் வேலை பிரீமியத்தோடும் சேவையோடும் முடிந்துவிடுகிறது. தீ, இடி, நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நீர் தேங்குதல், நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதச் செயல், மரமோ வண்டியோ வந்து மோதுதல், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து வழிதல் ஆகியவை இதில் அடங்கும். பனைமரம் சாய்ந்து கூரையோடு டிவியையும் நசுக்கினாலும், மொட்டைமாடித் தொட்டி வெடித்து மெத்தை நனைந்தாலும் இழப்பீடு கேட்கலாம்.

கட்டிடத்துக்கு இந்தப் பாலிசியை எடுத்தால், பொதுவான வீட்டுப் பொருள்களுக்குக் கட்டிடக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு, பட்டியல் எதுவும் கொடுக்காமலே காப்பு சேர்ந்துவிடுகிறது. பலருக்குத் தெரியாத நல்ல செய்தி இது. ஆனால் அந்த 20 விழுக்காடு போதுமா என்ற கேள்வியை யாரும் நமக்காகக் கேட்பதில்லை. எடுத்துக்காட்டாக, 900 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் கட்டுமானச் செலவு என்று வைத்துக்கொண்டால் கட்டிடத் தொகை 18 லட்சம். சாமான்களுக்குத் தானாகக் கிடைப்பது 3,60,000 ரூபாய். நாற்காலி, கட்டில், பீரோ, ஏசி, ஃப்ரிட்ஜ், டிவி, கிரைண்டர், தையல் மெஷின், எவர்சில்வரும் பித்தளையுமான பாத்திரங்கள், குடும்பம் முழுவதற்குமான துணிகள் ஆகியவற்றை இன்று கடையில் புதிதாக வாங்கும் விலையில் கூட்டினால் நடுத்தரக் குடும்பத்துக்கும் ஐந்தரை லட்சத்தைத் தொடுவது கடினமில்லை. சுவரில் பொருத்திய மின்சாதனங்கள், சூரிய மின்தகடு, தண்ணீர்த் தொட்டி ஆகியவையும் இந்தப் பாலிசியின் விளக்கப்படி பொதுப் பொருள்களிலேயே சேர்கின்றன. கூட்டும்போது அவற்றை மறக்கக் கூடாது. தொகை 20 விழுக்காட்டைத் தாண்டினால் சாமான்களின் விவரத்தை அறிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்தி உயர்த்திக்கொள்ளலாம். நேர்மாறாக, சிறிய வீட்டில் குறைவான பொருளோடு வாழும் இருவருக்கு அந்த 20 விழுக்காடே தாராளமாக இருக்கும். அவர்கள் மேலே எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வங்கி வழியாக எடுத்த பாலிசியில் கட்டிடம் மட்டும் என்று தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா, சாமானும் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பாலிசியின் அட்டவணைப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். கடன் தொகைக்கு மட்டும் காப்பு வைத்திருந்தால் கட்டிடத் தொகையே குறைவாக இருக்கும். அதன் 20 விழுக்காடும் அதற்கேற்பக் குறையும். ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு எடுக்கும்போது கட்டிடத் தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் தானாக உயரும் வசதி இருந்தாலும், அறிவித்த சாமான் தொகையை நாம்தான் அவ்வப்போது சரிபார்த்து உயர்த்த வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழி, அதே பாலிசியில் சாமான்களுக்கு மட்டும் தொகை சொல்லி எடுப்பது. மண்டபத்திலும் இராமநாதபுரம் நகரிலும் பணியிட மாறுதலில் வந்து தங்கியிருக்கும் ஆசிரியர்களும் அலுவலர்களும் இதையே எடுக்க வேண்டும். வீட்டு உரிமையாளரின் பாலிசி குடியிருப்பவரின் கட்டிலுக்கும் டிவிக்கும் ஒரு ரூபாயும் தராது.

நான்காவது, பல நிறுவனங்கள் விற்கும் வீட்டு உரிமையாளர் தொகுப்புப் பாலிசி. தீ, கன்னக்களவு (வீட்டை உடைத்துத் திருடுதல்), நகை, மின்சாதனப் பழுது, பயணப் பெட்டி, பொதுப் பொறுப்பு (நம்மால் பிறருக்கு நேரும் சேதம்) எனப் பிரிவு பிரிவாக இருக்கும். வேண்டிய பிரிவுகளை மட்டும் சேர்க்கலாம். பார்வைக்கு இதுவே முழுமையானது. ஆனால் பிரீமியம் கூடும். பிரிவுக்குப் பிரிவு நிபந்தனை வேறுபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல தொகுப்புகளில் சராசரி விதி இருக்கும். அந்த விதியின் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். வீட்டில் 6 லட்சம் ரூபாய்ப் பொருள் இருக்க, பிரீமியத்தைக் குறைப்பதற்காக 3 லட்சத்துக்கு மட்டும் காப்பு எடுத்திருக்கிறார் ஒருவர். வெள்ளத்தில் 1 லட்சம் ரூபாய்ப் பொருள் போகிறது. 3 லட்சத்துக்குள்தானே இழப்பு இருக்கிறது, முழுத் தொகையும் வரும் என்று அவர் நினைப்பார். பாதிப் பொருளுக்கே காப்பு இருந்தது என்பதால் இழப்பிலும் பாதியே, அதாவது 50,000 ரூபாயே வரும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விகிதக் கழிவு கிடையாது. காப்பீட்டுத் தொகை என்ற உச்சவரம்பு வரை இழப்பு முழுவதும் கிடைக்கும். என் கணிப்பில், சாமான்களின் மதிப்பை ஆண்டுதோறும் கூட்டிப் பார்க்கும் பழக்கம் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஒரே வேறுபாடு, தொகுப்பின் மற்ற கவர்ச்சிகள் அனைத்தையும்விடப் பெரிது.

இன்னொரு வேறுபாடு பொருளை மதிப்பிடும் முறை. பொதுப் பொருள் முழுவதும் அழிந்தால், அதே வகைப் பொருளைப் புதிதாக வாங்கும் செலவு ஒரு முறை. வாங்கி ஏழாண்டு ஆன ஃப்ரிட்ஜுக்குத் தேய்மானம் கழித்து மிஞ்சும் சந்தை மதிப்பு மற்றொரு முறை. பாரத் கிருஹ ரக்ஷா முதல் முறையைப் பின்பற்றுகிறது. தொகுப்புகளில் எது என்பதைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் தேய்மானம் கழித்த தொகையில் பழைய ஃப்ரிட்ஜுக்குப் பதில் இன்னொரு பழைய ஃப்ரிட்ஜையே வாங்க முடியும்.

அப்படியானால் பொதுப் பாலிசியில் குறையே இல்லையா என்றால், பெரிய குறை ஒன்று உண்டு: சாதாரணத் திருட்டு அதில் இல்லை. புயல், வெள்ளம் போன்ற காப்பிடப்பட்ட நிகழ்வு ஒன்று நடந்து, அதன் விளைவாக 7 நாள்களுக்குள் நிகழும் திருட்டு மட்டுமே சேர்க்கப்பட்டுள்ளது. வெள்ளத்தால் வீட்டை விட்டு முகாமுக்குப் போனபோது எவரேனும் புகுந்து எடுத்தால் கிடைக்கும். கோடை விடுமுறையில் பூட்டிய வீட்டை உடைத்து எடுத்தால் கிடைக்காது. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் போன்ற ஊர்களில் குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் இருக்க, மற்றவர்களும் மாதக் கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போய் வருவது வழக்கமாக இருப்பதால், அங்குள்ள வீடுகளுக்கு இதுவே முதன்மையான இடைவெளி. இந்த வீடுகள் கன்னக்களவுக் காப்பைக் கூடுதலாகச் சேர்த்தோ, தொகுப்பில் அந்தப் பிரிவை வாங்கியோ ஆக வேண்டும்.

கன்னக்களவுப் பிரிவை வாங்கும்போது மூன்று நிபந்தனைகளைத் தேடிப் படிப்பது நல்லது. உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் இருந்தால்தான் இழப்பீடு என்பது வழக்கமான முதல் நிபந்தனை. திறந்து கிடந்த கதவு வழியாகவோ கள்ளச் சாவியாலோ போன பொருளுக்குத் தகராறு வரும். வீட்டிலுள்ளவரோ வேலைக்கு வருபவரோ எடுத்தது பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். வீடு தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் காப்பு நின்றுவிடும் என்ற மூன்றாவது நிபந்தனைதான் வெளிநாடு போகும் குடும்பத்தைப் பாதிப்பது. அந்த நாள் எண்ணிக்கை எவ்வளவு, முன்கூட்டியே தெரிவித்தால் நீட்டித் தருவார்களா, உறவினர் ஒருவர் வந்து தங்கினால் போதுமா என்பதற்கு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலிலேயே பதில் வாங்கி வைக்க வேண்டும். முகவர் வாய்மொழியாகச் சொன்ன உறுதி இழப்பீட்டு வேளையில் எடுபடாது.

நகை தனிக் கணக்கு. பாரத் கிருஹ ரக்ஷாவில் நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் முதலிய விலையுயர்ந்த பொருள்கள் பொதுப் பொருளில் சேராது. விருப்பக் காப்பாகத் தனியே எடுக்க வேண்டும். மொத்தத் தொகை 5 லட்சத்துக்குள்ளும் எந்தத் தனி நகையும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். இன்றைய விலையில் இரண்டு பவுன் சங்கிலியே அந்த 1 லட்சத்தைத் தாண்டிவிடுவதால், சான்றிதழ் இல்லாமல் சமாளிக்கலாம் என்ற எண்ணம் நம் வீடுகளில் நடவாது. மேலும், இந்த விருப்பக் காப்பும் தீ, புயல், வெள்ளம் போன்ற அதே ஆபத்துகளுக்குத்தான். திருட்டைச் சேர்க்காவிட்டால் நகைக் காப்பு வாங்கியதில் பாதிப் பயனே உண்டு. தங்கம் நனைந்தால் கெடாது. அதற்கு உண்மையான ஆபத்து கைமாறிப் போவதுதான்.

இங்கே வங்கி லாக்கரையும் ஒப்பிட வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 ஜனவரி முதலான விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டிடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர்ப் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கோடு நிற்கிறது. வாடகை 2,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 2 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் தவறு இல்லாதவரை, பொறுப்பே இல்லை. இதைக் கேட்டதும் லாக்கர் பயனற்றது என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. லாக்கர் இழப்பீடு தரும் ஏற்பாடு அன்று, திருட்டின் வாய்ப்பைக் குறைக்கும் ஏற்பாடு. கல்யாண நகைகளை லாக்கரில் வைத்துவிட்டு, அன்றாடம் அணியும் நகைக்கு மட்டும் கன்னக்களவுடன் சேர்ந்த காப்பு எடுத்தால் பிரீமியமும் அடங்கும், மதிப்பீட்டுச் செலவும் குறையும். பட்டா, பத்திரம், சான்றிதழ், பிஸ்கட்டாக வைத்திருக்கும் தங்கம் ஆகியவை பொதுப் பாலிசியில் விலக்கப்பட்டவை என்பதால் அவற்றுக்கும் லாக்கரே இடம்.

மின்சாதன விஷயத்தில் ஏமாற்றம் வரும் இடம் ஒன்றுண்டு. மின்கசிவு, ஷார்ட் சர்க்யூட், மிகை மின்னழுத்தம் ஆகியவற்றால் எரிந்துபோகும் சாதனத்துக்கே இழப்பீடு இல்லை என்று பாரத் கிருஹ ரக்ஷா சொல்கிறது. இடியால் மின்கம்பி வழியே வந்த மிகை மின்சாரமானாலும் அதே விதிதான். அதிலிருந்து தீப்பிடித்து மற்றப் பொருள்கள் எரிந்தால் அவற்றுக்குக் கிடைக்கும். புயலுக்குப் பின் மின்சாரம் திரும்பும் கணத்தில் போகும் ஃப்ரிட்ஜ் இந்த விலக்கில்தான் விழும். தொகுப்பின் மின்சாதனப் பழுதுப் பிரிவு இதை நிரப்புவதாகச் சொல்லப்பட்டாலும், அதில் சாதனத்தின் வயதுக்கு வரம்பு வைப்பதும், துருவையும் தேய்மானத்தையும் விலக்குவதும் வழக்கம். உப்புக்காற்றில் ஃப்ரிட்ஜின் பின்புறமும் ஏசியின் வெளிப்பெட்டியும் நாலைந்து ஆண்டில் துருவேறும் கடற்கரை வீட்டில் இந்தப் பிரிவுக்குச் செலவிடும் பணத்தை நல்ல ஸ்டெபிலைசருக்கும் எர்த்திங் சரிபார்ப்புக்கும் போடலாம் என்பதே என் பரிந்துரை.

எந்தப் பாலிசியை எடுத்தாலும் நம் கரைக்கே உரிய சில பொருள்கள் வெளியே நிற்கும். வீட்டுத் திண்ணையில் சுருட்டி வைத்த வலை, பழுதுபார்க்கக் கொண்டுவந்த வள்ளத்து எஞ்சின், ஐஸ் பெட்டி, விற்பனைக்கு வைத்த கருவாடு, சங்கு ஆகியவை தொழில் பொருள்கள். வீட்டுச் சாமான் என்ற பெயரில் அவற்றுக்குக் கேட்க முடியாது. இருசக்கர வாகனம் முற்றத்தில் வெள்ளத்தில் மூழ்கினால், அதற்கு வாகனக் காப்பீட்டில் சொந்தச் சேதப் பிரிவு இருக்க வேண்டும். இராமேஸ்வரத்தில் வீட்டின் இரண்டு அறைகளை யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடுபவர்கள் அதை மறைத்துக் குடியிருப்புப் பாலிசி எடுத்தால், இழப்பு வரும் நாளில் அந்த மறைப்பே மறுப்புக்குக் காரணமாகும். கிடுகோ பனையோலையோ வேய்ந்த கூரை இருந்தாலும் விண்ணப்பத்தில் அதை உள்ளபடி எழுத வேண்டும். கடலோரத்தில் வீடு கட்டியவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது, நிலம் தாழ்தல் என்ற பிரிவில் கடல் அரிப்பு விலக்கப்பட்டிருப்பது. கடல் சிறிது சிறிதாக அரித்து அறை சரிந்தால், அது புயல் அலையால் ஒரே நாளில் நேர்ந்த சேதத்தைப் போலக் கருதப்படாது.

இதே வேறுபாடு கூரை ஒழுக்கிலும் வரும். புயல்காற்று ஓட்டைப் பெயர்த்து எறிந்து, அந்த வழியே மழை இறங்கி மெத்தை நனைந்தால் அது புயல் சேதம். ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஓட்டின் இடுக்கில் ஒழுகியதென்றால் பராமரிப்பின்மை என்று, சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் எழுதக்கூடும். மழைக்காலத்துக்கு முன் கூரையையும் ஒவ்வொரு அறையையும் சாமான்களோடு கைபேசியில் படம் பிடித்து, வாங்கிய ரசீதுகளின் படத்தோடு வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வைத்தால் இத்தகைய வாதத்துக்கு விடை கையில் இருக்கும். சேதம் நேர்ந்ததும் நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நனைந்த மெத்தையையும் ஊறிப்போன மர அலமாரியையும் சர்வேயர் பார்க்கும் முன் குப்பைக்கு அனுப்பக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் வெள்ளம் புகுந்ததற்கான சான்று வாங்கி வைப்பது கூடுதல் பலம். இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டாலும் பதில் நிறைவளிக்காவிட்டாலும், 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குச் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம்.

ஆக, சொந்த வீட்டில் ஆண்டு முழுதும் குடியிருக்கும் குடும்பத்துக்கு, கட்டிடமும் சாமானும் சேர்ந்த பாரத் கிருஹ ரக்ஷாவை எடுத்து, தேவையானால் 20 விழுக்காட்டுக்கு மேல் சாமான் தொகையை அறிவித்து உயர்த்திக்கொள்வதே நான் முதலில் வைக்கும் தேர்வு. வாடகைக்கு இருப்பவர் சாமானுக்கு மட்டும் எடுக்கட்டும். பூட்டிய வீடும் நகையும் உள்ளவர் அதன்மேல் கன்னக்களவைச் சேர்க்கட்டும். பொதுப் பாலிசியோடு அதைச் சேர்த்துத் தராத நிறுவனமானால், சராசரி விதி உண்டா என்று கேட்டுவிட்டுத் தொகுப்புக்குப் போகலாம், ஆனால் அப்போது சாமான்களின் முழு மதிப்புக்கும் காப்பு எடுத்தே தீர வேண்டும். பிரீமியத்தோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும் என்பதால் நிறுவனங்களை ஒப்பிடும்போது வரி சேர்த்த தொகையையே கேட்க வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு புதுப் பாலிசிக்கு அலைவதைவிட, ஆவணி கடைசியிலோ புரட்டாசி தொடக்கத்திலோ புதுப்பிப்பு நாள் வருமாறு வைத்துக்கொண்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பட்டியலைத் திருத்தவும் தொகையைக் கூட்டவும் நேரம் கிடைக்கும்.